எண்பத்து மூன்றாவது படி

மாத்திரை குரல்களை அடக்கியது.
காலியான நாற்காலியில்
பசி வந்து உட்கார்ந்தது.

இரவு இரண்டு மணிக்கு எழுப்பும்.
தட்டாது, கூப்பிடாது,
சும்மா வயிற்றுக்குள் நின்று பார்க்கும்.
இந்த ஊர் ரொட்டி கையால் பிய்த்தால் நான்காகப் பிரியும்.
நான்கையும் தின்பேன், மயோனீஸ் தடவி.
ஒன்றரை லிட்டர் கோலாவின் அடியில்
வாயு போன வெறும் இனிப்பு.
தின்று முடித்த பின்னும் பார்க்கும்.

பதினான்கு மாதத்தில் இருபத்தேழு கிலோ.
பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில்
யாரும் உட்கார்வதில்லை.
முன்பு என் பேச்சுக்காக,
இப்போது என் அகலத்துக்காக.

நர்ஸ் நெலிதா என் இடுப்பைச் சுற்றி நாடாவை ஓட்டினாள்.
நூற்றுப் பதினெட்டு என்றாள்,
துறைமுகத்தில் சரக்குப் பெட்டியின் எண்ணைப் படிப்பதுபோல.
"சர்க்கரை வாசலில் நிற்கிறது, ஒவீதியோ.
உள்ளே விட்டுவிடாதே."
திரும்பி வாசலைப் பார்த்தேன்.
யாருமில்லை.
பேச்சுக்குச் சொன்னேன் என்று சிரித்தாள்.
எனக்கும் தெரியும்.
இருந்தாலும் பார்த்துவைப்பது நல்லது.

மாத்திரையை விட்டால் மெலிவேன்.
ஒருமுறை விட்டேன், மெலிந்தேன்.
ஜூலைக் குளிரில்
மீன்பிடி மேடையின் ஓரம், காலில் செருப்பில்லாமல்
என்னைக் கண்டெடுத்தார்கள்.

ஆகவே செவ்வாயும் வியாழனும்
வால்பராய்சோவின் மலைப்படிகள்.
ஏழு பேர் நாங்கள்.
எலிசேயோ, கண்ணை மட்டும் வெளியே விட்ட குல்லாயில்.
ரோசால்பா, இரண்டு ஸ்வெட்டர், இரண்டிலும் பை நிறையக் காகிதம்.
அம்ப்ரோசியோ முன்னாள் மாலுமி;
தரை இன்னும் ஆடுவதுபோல் காலை அகட்டி வைப்பான்.
பக்கத்துத் தண்டவாளத்தில்
கிறீச்சிட்டு ஏறும் பெட்டியிலிருந்து
சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள்:
வண்ணச் சுவர், படுத்திருக்கும் நாய்,
மூச்சு வாங்கும் ஏழு பேர்.

முதல் வாரம் இருபதாவது படியில்
நெஞ்சு அடித்தது.
இந்த அடிப்பு எனக்குப் பழக்கம்.
அவர்கள் துரத்தி வந்த இரவுகளிலும்
இதே அடி, இதே வியர்வை.
சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.
நெலிதா என் விரலை எடுத்து
என் கழுத்திலேயே வைத்தாள்.
எண்ணு என்றாள்.
இது பயமில்லை, படி.

குரல் முழுதாகப் போய்விடவில்லை.
ஐந்தாவது வாரம், நாற்பதாம் படிக்குமேல்,
பழைய ஆள்தான்,
"குண்டா" என்று ஆரம்பித்தான்.
அடுத்த வசைக்கு
அவனுக்கும் மூச்சு வாங்கியது.
வேறு வேலையில்லாமல் படிகளை எண்ணத் தொடங்கினான்.
எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்து நான்கு.
"மூன்றை விட்டுவிட்டாய்" என்றேன், உரக்க.
யாரிடம் பேசுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
அம்ப்ரோசியோ மட்டும் ஒரு படி இறங்கி
மறுபடி ஏறினான்,
விட்டுப்போன கணக்கைச் சேர்க்க.

வியாழன் மதியம் மையத்தின் அடுக்களை.
இரவே ஊறப்போட்ட பீன்ஸ், பூசணி,
உதிர்த்த சோளம், கடைசியில் துளசி போலொரு இலை.
வீட்டில் அண்ணி
கத்திகளை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள்.
நானும் தேடியதில்லை; ரொட்டியைப் பிய்த்தே தின்கிறேன்.
இங்கே ரோசால்பா
கத்தியின் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினாள்.
பூசணியைப் பார்த்துக்கொண்டே.
அவ்வளவுதான்.
தோல் தடிப்பு. நறுக்க அரைமணி நேரம் ஆயிற்று.
என் வாழ்வில் அவ்வளவு சமமாய்
எதையும் வெட்டியதில்லை.

இந்த மாதம் நாடா நூற்றுப் பதினேழு.
ஒரு சென்டிமீட்டர்.
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தேன்,
அந்த இடுக்கில் ஒரு கப்பல் முழுதாகத் தெரிந்தது.

நேற்று இரவும் வந்தது பசி, அதே இரண்டு மணிக்கு.
ஒரு குவளை தண்ணீர். ரொட்டியில் இரண்டு துண்டு.
மற்ற இரண்டைத் துணி போட்டு மூடினேன்.
விடிவதற்குள்
அவற்றையும் தின்றுவிட்டேன் என்பதையும்
இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்று வியாழன்.
ஷூக்கயிறு கட்டக் குனிய முடிகிறது,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
ஒரு காலுக்காவது.